மூலம் என்று சொன்ன அந்தத் தெரிந்த ஒருவர்

மூலமா? யார் சொன்னது மூலமென்று? எந்தப் பெரிய படிப்புப் படித்தவன், எந்தக் குழாயை உள்ளே விட்டு, எந்த விளக்கைப் பிடித்துப் பார்த்துச் சொன்னான்? ‘தெரிந்த ஒருவரிடம் கேட்டேன், மூலம்தான் என்று சொல்லிவிட்டார்’ என்று எழுதியிருக்கிறாயே, அந்தத் தெரிந்த ஒருவருக்கு என்ன தெரியும்? நீ போட்ட இன்லேண்ட் லெட்டரில் மொத்தம் ஒன்பது வரி. மூன்று வரி இங்கே மழை பெய்ததா என்று. இரண்டு வரி மாட்டைப் பற்றி. ஒரு வரி என் உடம்பைப் பற்றி. உன் உடம்புக்கு மிச்சம் மூன்று வரி. அதிலும் ‘நீங்கள் அங்கிருந்துகொண்டு பயமுறுத்த வேண்டாம், தீபாவளி கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எனக்கே புத்தி சொல்லி முடித்திருக்கிறாய். ஒன்பது மாதமாக ரத்தம் போகிறவன் மாட்டுக்குச் சுகம் விசாரிக்கிறான். மாடு நன்றாக இருக்கிறதப்பா. அது போடுகிற சாணத்தைத் தினமும் நான் பார்க்கிறேன். உன்னுடையதை யார் பார்த்தது?

இதை எழுதுகிறது உன் அம்மா. வாத்தியார் நாற்காலியில் அரிப்பெடுக்கிற பூனைக்காலிச் சுணையைத் தேய்த்துவிட்டு மூன்றாம் வகுப்போடு ஓடி வந்தவன் நான் என்பது உனக்குத் தெரியும். அவள் எட்டாம் வகுப்பு. நான் வாயால் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் தபால்காரன் கையால் தொட மாட்டான் என்று, அவளாகவே மரியாதையான தமிழாக்கி எழுதிக்கொண்டு வருகிறாள். இப்போதுகூட ஒரு வார்த்தை சொன்னேன், எழுத மாட்டேன் என்றுவிட்டாள். ‘பின்பக்கம்’ என்று போட்டிருக்கிறாள். போகட்டும். ஆனால் ஒரு விஷயத்தில் அவள் என்னைவிட மோசமாகப் பேசுகிறாள். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தத் தெரிந்த ஒருவரை அவள் ஏசுகிற ஏச்சு இருக்கிறதே! “அவன் யாருன்னு கேட்டு எழுதச் சொல்லுங்க. ஆக்கங்கெட்ட கூவ. அவன் வாயில மண்ணள்ளிப் போட. எம் பிள்ளைய மூலம்னு சொல்லி உக்கார வச்சிருக்கானே, அவன் வெளங்குவானா?” இதையும் ஒரு எழுத்து விடாமல் எழுத வேண்டுமாம். எழுதிக்கொள் என்றேன்.

முதலில் ஒன்று. செல்வியிடம் சண்டைக்குப் போகாதே. ஆமாம், அவள்தான் உன் அம்மாவுக்கு எழுதினாள். அவள் எழுதாவிட்டால் எங்களுக்குத் தெரிய வழியில்லை. அதைப் பார்த்துத்தான் உன்னைக் கேட்டு எழுதினோம். அவள் எழுந்திருக்கும் முன்னே எழுந்து உன் உள்துணியை நீயே அலசிக் காயப்போடுகிறாயாம். கல்யாணமாகி அஞ்சு வருஷத்தில் ஒரு டம்ளரைக் கழுவி வைக்காதவன் திடீரென்று துணி துவைத்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது? திருடவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். என்னிடம் வந்து கற்றுக்கொண்டிருக்கலாம். இந்த விஷயத்தில் நான் பதினோரு மாதம் திருடினவன்.

அந்தத் திருட்டை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் விடியுமுன்னே ஓடைப்பக்கம் உடைமரத்து மறைவில் போய் உட்கார்ந்து எழுந்து வருகிறோம். கீழே கரிசல். அந்த மண் எதையும் காட்டாது. தண்ணீரை ஊற்றினாலும் கறுப்பு, எண்ணெயை ஊற்றினாலும் கறுப்பு, ரத்தம் விழுந்தாலும் கறுப்புதான். எனக்கு எப்போது ஆரம்பித்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது எனக்கே சட்டென்று தெரியவில்லை, எண்ணிப் பார்த்துத்தான் பதினோரு மாதம் என்றேன். கழுவுகிற கையில் சில நாள் பிசுபிசுப்பாக இருந்தது. வெளிச்சமில்லாத நேரம். மிளகாய்ப் பழம் அள்ளின கை, காந்தல், சூடு என்று நினைத்தேன். பிறகு விடிந்த பிறகு ஒருநாள் போனபோது கையைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மண்ணில் துடைத்துவிட்டு வந்து கம்மங்கஞ்சி குடித்தேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெளிச்சம் வந்த பிறகு போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். உடம்புக்கு நான் பார்த்த வைத்தியம் அது. பார்க்காமல் இருப்பது.

வைத்தியரிடமும் போனேன். கோவில்பட்டியில் பஸ் ஏறுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒருத்தர் பலகை மாட்டியிருந்தார். நாடியைப் பிடித்துக் கண்ணை மூடினார். கருணைக்கிழங்கு லேகியம் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ‘ரத்தம் எத்தனை நாளா போகுது?’ என்று அவர் கேட்டார். ‘இந்த நாலஞ்சு நாளாத்தான்’ என்று நான் சொன்னேன். அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. வேட்டியை இடுப்பில் இறுக்க இறுக்க நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. பருத்திப் புஞ்சைக்கு நடந்து போனால் வரப்பில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. உன் அம்மா கேட்டபோதெல்லாம் அவளைக் கேலி செய்து வாயை அடைத்தேன். “ஒரே பொண்டாட்டியையே முப்பது வருசமாப் பார்த்தா மனுசன் மெலியத்தான்டி செய்வான்” என்றேன். அவள் வாசல் பெருக்குகிற வாரியலை எடுத்தாள். நான் ஓட முயன்றேன். ஓட முடியவில்லை. மூச்சு வாங்கி மாட்டுத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதையும் நடிப்பு என்று நினைத்து அவள் சிரித்தாள். ஆயுசு பூராவும் கோமாளித்தனம் செய்தவனுக்கு நிஜமாகவே நோவு வந்தால் இதுதான் கதி.

எமர்ஜென்சி முடிந்த அந்த வருஷம் மெட்ராசில் உன் அறைக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது உனக்கு இருபத்தெட்டு வயசு. அங்கேதான் முதன்முதலாக அந்த வெள்ளைப் பீங்கானில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து எழுந்து குனிந்து பார்த்தேன். கரிசல் மண் பதினோரு மாதம் மூடி வைத்ததை அந்தப் பாழாய்ப்போன பீங்கான் ஒரே நிமிஷத்தில் காட்டிக்கொடுத்துவிட்டது. மூன்று வாளி தண்ணீர் ஊற்றினேன். ஓரத்தில் ஒட்டியிருந்ததை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. எனக்குப் பின்னால் நீ உள்ளே போய்விட்டு வெளியே வந்து நின்றாய். “அப்பா, உள்ள என்ன செவப்பா கெடக்கு?” என்றாய். நான் வாயைத் திறந்து காட்டினேன். “வெத்தலைச் சாறுலே. உள்ள துப்பிட்டேன். மெட்ராசுக்காரன் கக்கூசுல வெத்தலை துப்பினா போலீஸ் பிடிக்குமோ?” என்றேன். நீ சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். என் வாய் வெளுத்துக் கிடந்தது. அன்றைக்கு நான் வெற்றிலையே போட்டிருக்கவில்லை.

பிறகு நீ கத்தினாய். பெற்ற அப்பனைப் பார்த்து ‘பொய்யன்’ என்றாய். பக்கத்து அறைக்காரன் எட்டிப் பார்த்தான். நான் திருப்பிக் கத்தினேன். நீ என் சட்டையைப் பிடித்தாய். அன்றைக்கு லீவு கேட்டாயா நீ? தீபாவளி கழித்துப் பார்ப்போம் என்றாயா? ஆபீசுக்கு ஒரு தந்திகூடக் கொடுக்காமல் ரயிலில் ஏற்றி, அம்மா பக்கத்தில் இருக்க வேண்டுமென்று மதுரை ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து இறக்கினாய். அதே நீதான் இன்றைக்கு எழுதுகிறாய், ‘இப்போது லீவு கிடைக்காது’ என்று. அப்பனுக்குக் கிடைத்த லீவு உனக்குக் கிடைக்காதோ?

அங்கே அந்த சர்ஜன் என்ன செய்தார்? நாடி பிடித்தாரா? ரப்பர் உறையைக் கையில் மாட்டினார். ஒரு பக்கமாகப் படுக்கச் சொன்னார். “ஐயா, வயசான மனுசன், இது என்ன வெளையாட்டு?” என்றேன். “மூச்ச விடுங்க பெரியவரே” என்றார். ஒரே ஒரு விரல். பத்து எண்ணுவதற்குள் முடிந்தது. வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு உறையைக் கழற்றிப் போட்டார். “கட்டி விரலுக்கே தட்டுப்படுது. பதினோரு மாசமா ஒருத்தர்கூட இங்க தொட்டுப் பார்க்கலையா?” என்று கேட்டார். யார் தொட்டுப் பார்ப்பது? நான் யாரையாவது விட்டேனா? நம் ஊரில் அருவாள் வெட்டுக்குச் சட்டையைக் கழற்றிக் காட்டுவான். இதற்கு வேட்டியை அவிழ்க்கச் சொன்னால் மானம் போய்விடும். அந்தப் பத்து எண்ணிக்கை மானத்துக்காகப் பதினோரு மாதம் கொடுத்தேன். ஆபீசில் பேன்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உனக்கும் இன்றைக்கு அதே மானம்தான். அப்பன் சொத்தில் வேறு எதையும் கேட்டு வாங்காதவன் இதை மட்டும் பத்திரமாக வாங்கி வைத்திருக்கிறாய்.

‘எனக்கு முப்பத்தாறு வயசுதான் ஆகிறது, தினமும் பந்து விளையாடுகிறேன், வலியே இல்லை’ என்கிறாய். குருசாமியை நீ பார்த்திருக்கிறாய். கோவில்பட்டியில் தீப்பெட்டி செய்கிற ஆபீஸ் வைத்திருந்தானே, அவன்தான். நான் படுத்திருந்தபோது இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்தான். அப்போது அவனுக்கு வயசு முப்பத்தெட்டு. சிலம்பம் ஆடின உடம்பு. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெயாகக் குடித்து வந்தவனுக்குத் திடீரென்று அடைத்துக்கொண்டு வயிறு பானையாக வீங்க, தூக்கிக்கொண்டு வந்து அன்றைக்கே அவசரமாக வெட்டினார்கள். அவனுக்கு ரத்தம் கொடுக்க அவன் ஆபீசிலிருந்து ஆட்கள் வேன் பிடித்து வந்து வரிசையில் நின்றார்கள். எனக்கு உடம்பில் ரத்தமில்லை, தண்ணீராக இருக்கிறது என்று ஏற்றின பாட்டில்களில் ஒன்று உன்னுடையது. வார்டில் எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள்: பெருசு போய்விடும், தம்பி பிழைத்துக்கொள்வான். எனக்கே அந்த நினைப்புதான். குருசாமி என்னைப் பார்த்துச் சொல்வான், “அண்ணாச்சி, கவலைப்படாதீக. ஒங்களுக்குக் கொள்ளி வைக்க நம்ம ஆபீஸ்ல இருந்து ஒரு பண்டலே அனுப்பி வைக்கேன்.” “நமுத்துப்போன சரக்க அனுப்பாதலே தம்பி. பாதி வெந்து எந்திரிச்சு வந்துருவேன்” என்பேன். தையல் பிரிந்துவிடும் என்று நர்சம்மா இரண்டு பேரையும் ஏசுவாள்.

சர்ஜனிடம் ஒருநாள் நேராகக் கேட்டேன், நான் எத்தனை நாள் இருப்பேன் என்று. “நான் சோசியன் இல்ல” என்றார். விடவில்லை. வயசு போனவன் முதலில் போவானா, உடம்பு பலம் உள்ளவன் தங்குவானா, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். “பருத்தி போடுவீங்களா?” என்றார். போடுவோம் என்றேன்.

“ஒரு காய்க்குள்ள புழு இருக்கு. என்ன செய்வீங்க?”

“காயப் பறிச்சு எறிவோம்.”

“பக்கத்துச் செடிக்கு ஏறிட்டா?”

“வரிசையோட பிடுங்கணும்.”

“அடுத்த புஞ்சைக்குத் தாண்டிட்டா?”

அவரே சொன்னார். “அம்புட்டுதான் பெரியவரே. அது குடல் சுவத்துக்குள்ள நின்னுச்சா, சுவத்தத் தாண்டுச்சா, பக்கத்துல மணி மணியா இருக்கிற நெறிகளுக்குப் போச்சா, ஈரலுக்குப் போச்சா. அதுதான் மொதக் கேள்வி. வரும்போது அடைச்சுக்கிட்டு, ஓட்டை விழுந்து வந்தாங்களா, நின்னு நிதானமா வெட்ட எங்களுக்கு நேரம் கொடுத்தாங்களா? நாங்க வெட்டின ஓரத்துல சுத்தமா இருக்கா, மிச்சம் இருக்கா? ஒங்க வயசு, ஒங்க பலம், ரத்தம் எல்லாமும் பார்ப்போம். ஆனா அதெல்லாம் பின்னால. நான் கத்தி வைக்கறதுக்கு முன்னாலயே பாதி முடிவாயிருது.” எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். தாள் வந்தது. என்னுடையது சுவரை நன்றாக அரித்திருந்தது, ஆனால் நெறிக்குப் போகவில்லை. குருசாமிக்கு நெறிகளில் ஏறியிருந்தது. நான் செய்த புண்ணியமென்று எதுவுமில்லை. நீ சட்டையைப் பிடித்து இழுத்த நாளுக்கும் அது அடுத்த செடிக்கு ஏறும் நாளுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில்தான் இந்த எட்டு வருஷமாக நான் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன். வந்து காட்டுங்கள் என்று சொன்ன ஒவ்வொரு தவணைக்கும் பஸ் ஏறிப் போய்க் காட்டினேன். குருசாமி போகவில்லை. போயிருந்தால் மட்டும் பிழைத்திருப்பானா என்பது எனக்குத் தெரியாது. இரண்டாவது மழைக்காலம் வரை இருந்தான். அவன் சாவுக்குப் போனேன். அவன் ஆபீஸ் தீப்பெட்டியைத்தான் உரசினார்கள். முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டது. அதற்கப்புறம் வலி இல்லை, வயசு இருக்கிறது, பந்து விளையாடுகிறேன் என்று என்னிடம் யார் சொன்னாலும் செருப்பைக் கழற்றத் தோன்றுகிறது.

இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். கடைசி வரிக்கு முந்தின வரி. உன் அம்மா படிக்கும்போது அதை மட்டும் மெதுவாகப் படித்தாள். ‘உங்களை மாதிரி இருக்க என்னால் முடியாது அப்பா.’ என்னை மாதிரி என்றால் எப்படி? வயிற்றில் ஓட்டை போட்டு, மலம் வந்து விழுகிற இந்தப் பையைக் கட்டிக்கொண்டா? ஏன், எனக்கு என்ன குறைச்சல்? எட்டு வருஷமாக உழுகிறேன், விதைக்கிறேன், உன் கல்யாணத்தில் மூன்று பந்தி பரிமாறினேன். இந்தப் பைக்கு நான் ‘மாப்பிள்ளை’ என்று பேர் வைத்திருப்பது உனக்குத் தெரியும். எங்கே போனாலும் கூட வரும், அதற்கு எல்லாம் நேரத்துக்குச் செய்ய வேண்டும், நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில்தான் சத்தம் போடும். உன் மாமனார் சம்பந்தம் பேச வந்தபோதும் சத்தம் போட்டது. “பூனை” என்றேன். அவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினார். எல்லாம் சிரிப்புதான். முதல் வருஷம் முழுக்க நான் யார் முகத்தையும் பார்க்காமல் மாட்டுக்கொட்டிலில் படுத்துக் கிடந்ததை நீ பார்க்கவில்லை. உன் அம்மா பார்த்தாள். அவள்தான் தினமும் வெந்நீரோடு வந்து, மூக்கைக்கூடச் சுளிக்காமல், அதைக் கழற்றிக் கழுவி மாட்டினாள். இப்போது இந்த வரியை எழுத யோசிக்கிறாள். எழுதுட்டி. முன்னமே வந்திருந்தால் குடலைத் திரும்பச் சேர்த்துத் தைத்திருக்கலாம், பையே தேவைப்பட்டிருக்காது என்று அந்த சர்ஜன் என்னிடம் சொன்னார். கேட்டுக்கொண்டாயா? பைக்குப் பயந்து தள்ளிப்போடுகிறாய். தள்ளிப்போடுவதுதான் பையில் கொண்டுவந்து விடும். அதற்கும் மேலே போனால் பைகூட வேண்டியிருக்காது.

சரி. இப்போது அந்தத் தெரிந்த ஒருவருக்கு வருகிறேன். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வர வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது என்று. ஏன் என்று கேட்டாள். எழுது என்றேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து கிளம்புகிற அன்று நீ பஸ்ஸுக்கு இடம் பார்க்கப் போயிருந்தாய். உன் அம்மா பிளாஸ்கில் காப்பி வாங்கப் போயிருந்தாள். அப்போது சர்ஜன் வந்தார். என் அப்பா எப்படிச் செத்தார் என்று முன்பு ஒருநாள் கேட்டிருந்தார். வயிறு வீங்கிச் செத்தார் என்று சொல்லியிருந்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு சொன்னார்: “பெரியவரே, சில குடும்பத்துல இது அப்பனுக்கு, மகனுக்குன்னு வரும். ஒங்க மகன் ரத்தம்னு ஒரு சொட்டு பார்த்தாலும் ஒரு நாள் தள்ளாம இங்க கூட்டிட்டு வாங்க. ஒங்கள அவன் கொண்டுவந்த மாதிரி.” சரி என்று தலையாட்டினேன். அதை உன்னிடம் சொல்லவில்லை. உன் அம்மாவிடம் சொல்லவில்லை. அப்போது உனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தோம். அந்த வம்சத்தில் அப்படி ஒரு சீக்கு ஓடுகிறது என்று ஒரு வாய் சொன்னால் போதும், விளாத்திகுளத்திலிருந்து கோவில்பட்டி வரைக்கும் ஒரு வீட்டிலும் நமக்குத் தண்ணீர்கூடத் தர மாட்டார்கள். ஊருக்கெல்லாம் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று சொன்னோம் அல்லவா? செல்வி வீட்டிலும் அதையேதான் சொன்னேன். செல்வி, அம்மா, இதை நீ படித்தால் என்னைத் திட்டிக்கொள். உனக்கு அந்தப் பாத்தியதை உண்டு.

பேனா நின்றது. “மேல சொல்லுங்க” என்றாள். குரல் வேறாக இருக்கிறது. சொல்கிறேன்.

இந்த வருஷம் மாட்டுப்பொங்கலுக்கு வந்திருந்தாய். வைக்கோல் படப்புக்குப் பின்னால் நான் மாட்டுக் கொம்புக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தேன். நீ வந்து மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாய். என் முகத்தைப் பார்க்காமல் மாட்டிடம் சொல்வது மாதிரிச் சொன்னாய்: “அப்பா, எனக்குக் கொஞ்ச நாளா ரத்தம் போகுது.” என் கையில் பிரஷ் இருந்தது. பச்சை கொம்பை விட்டு மாட்டின் கண்ணருகே இறங்கியது. அதை நீ கவனிக்கவில்லை. நான் சிரித்தேன். “காரச்சேவ அரைக் கிலோ ஒத்தையில தின்னா ரத்தம் வராம ரோஸ்மில்க்கா வரும்? மூலம்லே அது. துத்தி இலைய வதக்கித் தின்னு, போயிரும்” என்றேன். நீயும் சிரித்தாய். உன் முகம் தெளிந்துவிட்டது. அந்தத் தெளிவைக் கெடுக்க மனசு வரவில்லை, அதனால்தான் சொல்லவில்லை என்று இத்தனை மாதமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். பயந்துவிட்டேன். என் வயிற்றுக்குள் கத்தி வைத்தபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. வெளிச்சம் வந்த பிறகு போகாமல் இருந்தேனே, அதே மாதிரி, உன்னையும் பார்க்காமல் இருந்துவிட்டால் அது இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன். நீ அவ்வளவு பெரிய மனுஷன், அம்மா படிப்பாள் என்று தெரிந்து, என் பேரை எழுதாமல் ‘தெரிந்த ஒருவர்’ என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தெரிந்த ஒருவர் நான்தான். ஒன்று மட்டும் கேட்கிறேன். வெற்றிலைச் சாறு என்று நான் சொன்னபோது நம்பாமல் சட்டையைப் பிடித்தாயே, மூலம் என்று சொன்னதை மட்டும் ஏன் நம்பினாய்? அப்பவும் இப்பவும் சொன்னது ஒரே வாய்தானே?

ஏலே, இனிமே இது என் கையெழுத்து. கோழி கிண்டுன மாதிரித்தான் இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கோ. ஒங்கம்மா மேல இருக்கத பூராம் ஒரு வார்த்த விடாம எழுதிட்டா. ‘ஒரே வாய்தானே’ன்னு எழுதி முடிச்சா. பேனாவ மூடி எங் கையில வச்சா. அப்புறம் எந்திரிச்சுட்டா.

ஏசுவான்னு பாத்தேன். அம்புட்டு நேரம் அந்தத் தெரிஞ்சவன ஏசுனாள்ல, அதுல ஒண்ணயாவது எடுத்து எம் மூஞ்சில எறிவான்னு பாத்தேன். எறியல. உள்ள போனா. டிரங்குப் பெட்டியத் தொறக்க சத்தம் கேட்டுச்சு. “ஏட்டி, எங்க?” ன்னேன். “மெட்ராசுக்கு” ன்னா. “நீ மதுரையத் தாண்டிப் போனதில்லையேட்டி” ன்னேன். “எம் பிள்ள இருக்க ஊருதான. சட்டையப் பிடிச்சு இழுக்கதுக்கு எட்டாங் கிளாஸ் போதும்” ன்னா. விதைப்பு நேரம், மழைக்கு மானம் கறுத்துட்டு வருது, ஆள் வேணுமேன்னேன். என்னையப் பாத்தா பாரு ஒரு பார்வ. எட்டு வருசமா எம் பையக் கழுவும்போதுகூட அப்படிப் பாத்ததில்ல.

இப்ப வாசப்படி தாண்டிட்டா. கோவில்பட்டி பஸ் வர நேரந்தான். ஏலே, அவ வந்து கதவத் தட்டும்போது வாயத் தொறக்காத. மூலம், லீவு, தீபாவளி எதும் பேசாத. கூட ஏறு. மதுரையில அதே ஆஸ்பத்திரி. ஒரு பக்கமா படுக்கச் சொல்லுவாக, படு. மூச்ச விடச் சொல்லுவாக, விடு. பத்து எண்ணு. என்னன்னாலும் நான் அங்கன வந்து ஒன் கட்டிலுக்குப் பக்கத்துல

இந்தா, அவ உடமரத்தத் தாண்டிட்டா. திரும்பியே பாக்கல. கடுதாசி இங்கன எங் கையில கெடக்கு, இதக் கொண்டுபோகாம என்ன சொல்லப் போறா? ஏட்டி, நில்லு, இன்னும் முடிக்கல, நானும் வாரேன், பைய மட்டும் மாத்திட்டு